பழையதாகக் கட்டப்பட்ட நகரங்கள்

வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நான்கு புறமும் ஒன்றோடொன்று ஒட்டிய குறுகலான மாடி வீடுகள். மஞ்சளும் பச்சையும் செங்காவியுமாகச் சுவர்கள். நடுவில் வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி. பதினேழாம் நூற்றாண்டு, பதினெட்டாம் நூற்றாண்டு என்று யாராவது சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வோம். இந்தச் சதுக்கம் திறந்துவைக்கப்பட்டதோ 1953 ஜூலை 22 அன்று. 1944இல் வார்சா மக்களின் எழுச்சி 63 நாள் நடந்து தோற்றது. அதன்பின் ஹிட்லரின் படை மக்களை வெளியேற்றிவிட்டு, தெருத்தெருவாகத் தீவைத்தும் வெடிவைத்தும் ஊரைத் தகர்த்தது. மிஞ்சிய செங்கல் குவியலின் மேல் எழுந்ததுதான் இன்று நாம் பார்ப்பது. 1980இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோதும் கட்டடங்களின் வயதைப் பார்த்துச் சேர்க்கவில்லை. ஒரு நகரத்தை ஏறக்குறைய முழுதாக மீட்டுக் கட்டிய அந்தக் காரியத்துக்காகவே சேர்த்தது.

ஐரோப்பாவின் பழைய ஊர்களில் தனியாகச் சுற்றுகிறவர், இதை ஒரு துணுக்குச் செய்தியாகப் படித்துவிட்டுப் போகாமல், பார்க்கும் முறையையே இதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. குழுவோடு போகிறவருக்குச் சதுக்கம் ஒரு நிறுத்தம். கொடி பிடித்தவர் ஆண்டைச் சொல்வார், கடற்கன்னிக் கதையைச் சொல்வார், படம் எடுக்க நேரம் கொடுப்பார். அவரைக் குறைசொல்ல முடியாது. நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பவர் வேறென்ன செய்வார்? தனியாகப் போகிறவர் ஒரு சுவரின் முன் அரை மணி நேரம் நின்றாலும் அலுத்துக்கொள்ள ஆள் இல்லை. வந்த வழியே திரும்பிப் போய் இன்னொரு தடவை பார்த்தாலும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தனிப் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் தன்னைத் தானே கண்டடைவது என்றெல்லாம் பெரிய பேச்சுப் பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. உருப்படியான லாபம் இந்த நின்று பார்க்கும் நேரம்தான். அந்த நேரத்தைக் கட்டடத்துக்கு வயது என்ன என்று கேட்பதில் கழிக்காமல், பழையதும் புதியதும் எங்கே சேர்கின்றன, சேர்த்தவர்கள் யார், எதைச் சேர்க்காமல் விட்டார்கள் என்று தேடுவதில் கழித்தால் ஊர் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

வார்சா அரச அரண்மனையின் முன் நிற்கும் மூன்றாம் சிகிஸ்மண்ட் அரசரின் தூணையே எடுத்துக்கொள்வோம். நிறுவியது 1644இல். உச்சியில் சிலுவையைப் பிடித்து நிற்கும் வெண்கல அரசர் அந்தக் காலத்தவர். அவரைத் தாங்கும் கருங்கல் தண்டு 1949இல் வைத்தது. 1944 செப்டம்பரில் சுடப்பட்டு விழுந்த தண்டு அரண்மனைச் சுவரோரம் துண்டுகளாகக் கிடத்தப்பட்டிருக்கிறது. கிட்டப் போனால் உடைந்த முனைகளும் பொரிந்த பள்ளங்களும் தெரியும். குனிந்தால் கைக்கு எட்டும். அதன் பக்கத்திலேயே இன்னொரு தண்டும் கிடக்கிறது. அதுதான் 1644ஆம் ஆண்டின் கல். நாள்பட்டுச் சிதைந்ததால் 1880களிலேயே இறக்கிவிட்டார்கள். அப்படியானால் 1944இல் விழுந்ததே மாற்றுக் கல்தான். அசல் எது என்ற கேள்விக்கு இங்கே ஒரே விடை கிடையாது. தூணை நிமிர்ந்து பார்த்துப் படம் எடுக்கிற கூட்டத்தில் இந்தக் கற்கள் பக்கம் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

சதுக்கத்து வீடுகளின் கதை இதைவிடச் சிக்கலானது. போருக்கு முன் வார்சா பாலிடெக்னிக்கைச் சேர்ந்தவர்கள் வீடுகளை அளவெடுத்து வரைந்து வைத்திருந்தார்கள். ஊர் அழிந்துகொண்டிருந்தபோதே கட்டடக் கலைஞர் யான் சஹ்வாடோவிச்சும் கூட்டாளிகளும் அந்த வரைபடங்களை வெளியே கொண்டுபோய் ஒரு மடாலயத்தில் ஒளித்து வைத்தார்கள். இன்னொரு சான்று பெர்னார்டோ பெலோட்டோவின் ஓவியங்கள். வெனிஸின் புகழ்பெற்ற ஓவியர் கானலெட்டோவின் சகோதரி மகன் இவர்; 1770களில் போலந்து அரசருக்காக வார்சாவின் தெருக்களையும் மாளிகைகளையும் சன்னல் சன்னலாக வரைந்தவர். இவ்வளவு ஆதாரம் கையில் இருந்தும், 1939இல் இருந்த ஊரை அப்படியே அவர்கள் திரும்பக் கட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாடகைக்காசுக்காகப் பின்கட்டில் நெருக்கியடித்துக் கட்டியவற்றைக் கைவிட்டார்கள். அங்கே காற்றும் வெளிச்சமும் வரும் முற்றங்களை அமைத்தார்கள். பழைய முகப்புக்குப் பின்னால் குழாயும் குளியலறையும் கொண்ட புதிய குடியிருப்புகள். முகப்பில் ஈரப்பூச்சைச் சுரண்டி வரைந்த பூவேலைகளும் உருவங்களும் 1950களின் ஓவியர்கள் செய்தவை. அரசர்களின் அரண்மனையை மட்டும் கம்யூனிஸ்ட் அரசு கால் நூற்றாண்டு தள்ளிப்போட்டது. 1971இல்தான் முடிவெடுத்து, மக்களின் நன்கொடையைக் கொண்டு கட்டி, 1984இல் திறந்தார்கள். இவை தெரிந்தபின் ஒரு முகப்பைப் பார்ப்பவருக்கு 1770களின் ரசனையும் 1950களின் அரசியலும் ஒரே சுவரில் கண்ணில் படும்.

அப்படியானால் மொத்தமும் போலிதானே, சினிமா செட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெனிஸின் புனித மாற்கு சதுக்கத்து மணிக்கூண்டு 1902 ஜூலை 14 காலையில் சரிந்து குவியலாகிவிட்டது. இருந்தபடியே, இருந்த இடத்திலேயே கட்டுவது என்று ஊர் தீர்மானித்து, 1912இல் கட்டி முடித்தது. அதை இன்று யாரும் போலி என்பதில்லை. நூறு ஆண்டு கடந்தால் போலி நிஜமாகிவிடும் என்றால் அந்த அளவுகோலே சரியில்லை. கட்டியவர்கள் தங்கள் வேலையை மறைக்கிறார்களா, காட்டுகிறார்களா என்பதைக் கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிரான்ஸின் கார்க்கஸோன் கோட்டையைக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் 1853 முதல் புதுப்பித்தபோது, அந்தத் தென்பகுதிக்குப் பொருந்தாத கூம்புக் கூரைகளைப் பலகைக்கல்லால் வேய்ந்தார் என்று இன்றுவரை திட்டு வாங்குகிறார். எழுதி வைக்காமல் இருந்தால் அந்தக் கூரைகளை இடைக்காலம் என்றே நம்பிவிடுவோம். வார்சா தன் மறுகட்டுமான அலுவலகத்தின் ஆவணங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 2011இல் அவை யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆனாலும் வார்சாவுக்கு முழு மதிப்பெண் கொடுக்க மாட்டேன். தலைநகரைக் கட்டச் செங்கல் போதாமல், விரோத்ஸ்வாஃப் போன்ற மேற்கு நகரங்களிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்தார்கள். அதற்காகக் காப்பாற்றியிருக்கக்கூடிய கட்டடங்களும் அங்கே இடிபட்டன. சதுக்கத்தின் அழகில் இந்தக் கணக்கு தெரியாது.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று பழைய நகரத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. முரானூவ் என்ற அந்தப் பகுதியைச் சுற்றுலா நிரல்கள் பெரும்பாலும் அங்குள்ள அருங்காட்சியகத்தோடு முடித்துக்கொள்கின்றன. போருக்கு முன் வார்சாவின் யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். ஜெர்மானியர்கள் சுவர் எழுப்பி அடைத்த கெட்டோவின் பெரும்பகுதி. கெட்டோவில் யூதர்கள் நடத்திய 1943 எழுச்சியை அடக்கியபின் இதைத் தரைமட்டமாக்கினார்கள். பெரிய யூத ஆலயத்தை அவ்வாண்டு மே 16 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். போர் முடிந்தபின் இடிபாட்டை அள்ளி மாளாது என்ற நிலையில், போடான் லாஹெர்ட் என்ற கட்டடக் கலைஞர் அந்த இடிபாட்டின் மேலேயே குடியிருப்புகளை எழுப்பினார். இடிந்த செங்கலை நொறுக்கிச் செய்த கட்டிகளால்தான் சுவர்களும். பூசாமல் விட்டால் அந்தச் சிவப்பு நினைவூட்டிக்கொண்டே இருக்கும் என்பது அவர் எண்ணம். அது ஒப்புக்கொள்ளப்படாமல் பிறகு பூசிவிட்டார்கள். இன்று அங்கே நடந்தால், தெருவிலிருந்து சில வீடுகளுக்குக் காரணமில்லாமல் படியேற வேண்டியிருக்கும். பக்கத்தில் புல் மூடிய சரிவு. அது இயற்கையான மேடு அல்ல, பழைய வீடுகள். நடைபாதையில் அங்கங்கே பதித்த இரும்புப் பட்டைகள் கெட்டோச் சுவர் ஓடிய தடத்தைக் காட்டுகின்றன. பெரிய ஆலயம் நின்ற இடத்தில் கண்ணாடிக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஒரே போர், ஒரே ஊர். ஒரு பகுதி சன்னல் சன்னலாக மீண்டது, இன்னொரு பகுதி மேடாக மிஞ்சியது. அழிவின் அளவு மட்டும் இதற்குக் காரணமில்லை. திரும்பி வந்து கேட்க யார் உயிரோடு இருந்தார்கள், யாருடைய கடந்த காலம் தேசத்தின் கடந்த காலமாக எண்ணப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சதுக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் கதை வேறு. அங்கேயும் பெலோட்டோ இருக்கிறார். வார்சாவுக்குப் போகுமுன் சாக்சனி அரசவையில் வேலை பார்த்தவர், எல்பே ஆற்றங்கரையிலிருந்து அவர் வரைந்த காட்சியில் ஃபிரௌவன்கிர்ஹ தேவாலயத்தின் கல் குவிமாடம் எடுப்பாகத் தெரியும். கெயோர்க் பேர் வடிவமைத்து 1743இல் முடிந்த அந்தத் தேவாலயம், 1945 பிப்ரவரி குண்டுவீச்சின் தீயில் வெந்து, 15ஆம் தேதி இடிந்து விழுந்தது. கிழக்கு ஜெர்மனிக் காலம் முழுக்க அது கற்குவியலாகவே கிடந்தது. 1994இல் தொடங்கி 2005 அக்டோபரில் கட்டி முடித்தபோது, குவியலில் கிடைத்த ஆயிரக்கணக்கான கற்களை அடையாளம் கண்டு பழைய இடத்திலேயே வைத்தார்கள். வெளிர்மஞ்சள் சுவரில் கறுத்த கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதை எதிர்ப்புறத்திலிருந்தே பார்க்கலாம். ஒரு மூலையில் இடியாமல் தப்பிய பகுதி முழுக்கக் கறுப்பு. இழையோட்டிய சீலையைப் போல, தைத்த இடம் தெரிகிறது. உச்சிச் சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லரின் தந்தை, டிரெஸ்டன் மேல் குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். ஆனால் சுவரின் அந்த மணற்கல் காற்றும் மழையும் பட்டுக் கறுக்கும் சாதி. இன்னும் சில தலைமுறை போனால் புதுக்கல்லும் பழைய கல்லின் நிறத்துக்கு வந்துவிடும். அப்போது வருகிறவருக்கு யாராவது சொன்னால்தான் உண்டு.

இங்கே ஜெர்மனியில் கேட்கும் இன்னொரு ஆட்சேபத்தையும் தள்ளிவிட முடியாது: இப்படி அழகாகத் திரும்பக் கட்டுவது, போரைத் தொடங்கியவர்கள் யார் என்பதை மறக்கடிக்காதா? டிரெஸ்டனில் இறந்தவர்களின் எண்ணிக்கையை நாஜிப் பிரச்சாரம் பல மடங்கு ஊதிவிட்டது. அதிகபட்சம் 25,000 என்று 2010இல் வரலாற்றாசிரியர் குழு அறிக்கை கொடுத்தபின்னும் ஊதுகிறவர்கள் ஊதுகிறார்கள். பெர்லினில் கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தின் உடைந்த கோபுரத்தை இடிக்கத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் எகோன் ஐயர்மான், ஊர் மக்கள் எதிர்த்ததால் அதை அப்படியே விட்டு, பக்கத்தில் நீலக் கண்ணாடித் தேவாலயத்தை 1961இல் முடித்தார். மறதி என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே ஏற்ற பதில் என்று பலர் சொல்கிறார்கள். பெர்லின் விஷயத்தில் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு ஊர் இடிபாடு வைத்துக்கொண்டு மக்கள் வாழ முடியாது. ஃபிராங்க்ஃபர்ட் 1970களின் கான்கிரீட் அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டு 2018இல் திறந்த புதிய பழைய நகரத்தில் 35 வீடுகள். அதில் 15தான் பழையவற்றின் நகல், மீதி நம் காலத்து வடிவமைப்பு. எது எது என்று தனியாக நடந்து கண்டுபிடிக்க நல்ல இடம். எனினும் அது வீடிழந்தவர்களுக்காகக் கட்டியதல்ல, ஏக்கத்துக்காகக் கட்டியது. வார்சாவோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

விடுமுறைக்குப் போகிறவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பவர்களிடம் சண்டை போட விருப்பமில்லை. சதுக்கத்தில் காபி குடித்துவிட்டு வருவதும் ஒரு பயணம்தான். தனியாகப் போனால் அறைக்கு இருவர் காசு கட்ட வேண்டும், தெரியாத ஊரில் இரவில் பெண்கள் நடக்க யோசிக்க வேண்டும் என்பவை நிஜமான தடைகள். கட்டுரை எழுதி அவற்றைக் கரைக்க முடியாது. சொல்லித்தர ஆள் இல்லாமல் இத்தனையும் எப்படித் தெரியும் என்பதற்கு மட்டும் பதில் உண்டு. வார்சாவின் நகர அருங்காட்சியகம் மறுகட்டுமானத்துக்கென்றே பழைய நகரத்தில் ஒரு கிளை வைத்திருக்கிறது. பெலோட்டோவின் ஓவியங்களும் அரண்மனையிலேயே தொங்குகின்றன. காலையில் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, பகலில் அதே தெருவில் போய் நிற்கலாம். கையோடு கதை சொல்லும் துணை இருந்தால் இந்த ஒப்பிடும் வேலையை அவரிடமே விட்டுவிடத் தோன்றும்.

இந்தக் கேள்விகள் பழங்கதையும் அல்ல. வார்சாவின் சாக்சன் அரண்மனையை 1944 டிசம்பரில் ஜெர்மானியர்கள் தகர்த்தபோது, நடுவிலிருந்த தூண்வரிசையில் மூன்று வளைவுகள் மட்டும் மிஞ்சின. அவற்றின் கீழேதான் பெயர் தெரியாத வீரரின் கல்லறையும் அணையாத சுடரும். அரண்மனையைத் திரும்பக் கட்டப் போலந்து நாடாளுமன்றம் 2021இல் சட்டம் இயற்றியிருக்கிறது. கல்லறைக்குப் பங்கம் வராது என்கிறார்கள். வராமல் இருக்கலாம். ஆனால் 1953இல் சதுக்கத்தைக் கட்டியவர்கள், தாங்களோ தங்கள் பக்கத்து வீட்டுக்காரரோ குடியிருந்த தெருவைக் கட்டினார்கள். சாக்சன் அரண்மனையை முழுதாகப் பார்த்தவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவில்கூட இருப்பார்களா என்பது சந்தேகம். அந்த மூன்று வளைவுகள் அரண்மனையின் மிச்சம் என்ற நிலையைத் தாண்டித் தாமே ஒரு நினைவுச் சின்னமாகி எண்பது ஆண்டு ஆகிவிட்டது. பழைய நகரத்துக்காக வாதாடுகிற நான், இந்த அரண்மனை விஷயத்தில் எதிர்க்கட்சி. வளைவுகளுக்குப் பின்னால் வெட்டவெளியும் மரங்களும் தெரிகிற காட்சியைப் பார்க்க நினைப்பவர்கள், வார்சா பயணத்தை ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம்.