தறியோசை

எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றால்தான் பேச்சு தொடங்கும். விசைத்தறி ஓடும் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டிக் கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருக்கும் பள்ளிப்பட்டில், தெருவுக்குத் தெரு தறிச்சத்தம் கேட்கும். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியோடு சேர்த்து இந்தப் பகுதியும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆனாலும் பேச்சில் எல்லைக்கோடு விழவில்லை. எங்கள் வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு. நகரியிலிருந்து நூல் கொண்டுவருபவர் இரண்டையும் கலந்து பேசுவார். தறிக்குள் மட்டும் எல்லோருக்கும் ஒரே மொழி. அது உதடுகளின் மொழி.

தறி ஓடும்போது கத்திப் பயனில்லை. தறிக்கூடத்தின் ஓசை சாதாரணமாகவே 90 டெசிபலைத் தாண்டும் என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. கூடத்தில் நான்கு தறி போட்டிருக்கும் வீட்டுக்கு அளவுகோலுடன் எவரும் வருவதில்லை. அப்பாவும் அம்மாவும் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, குரலே எழுப்பாமல், வாயை அகலத் திறந்து பேசிக்கொள்வார்கள். கையைச் சுழற்றினால் தார் தீர்ந்தது, இரண்டு விரலைப் பிரித்தால் பாவு அறுந்தது. எழுத்துக்கு முன்பே நான் கற்ற மொழி இது.

அந்த மொழியே என் செவிட்டைப் பல வருடங்கள் மறைத்து வைத்திருந்தது.

அப்போது ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். பின்வரிசைப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் அருகில் போய் நின்று, "மறுபடி சொல்லு" என்பேன். பொறுமையான ஆசிரியை என்று பெயர் கிடைத்தது. வீட்டிலோ எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஓடும் தறிகளுக்கு நடுவில் எல்லோரும் என்னைப் போலத்தான் இருந்தார்கள். 2008இல் தமிழ்நாடெங்கும் மின்வெட்டு தொடங்கியது. தறிகள் நின்றதும் வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். இருட்டில் முகம் பார்க்காமல் பேசிச் சிரித்தார்கள். நான் மட்டும் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு சாயங்காலம் அப்பா எனக்குப் பின்னால் நின்று மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே வந்து, தறிக்குள் பேசுவதைப் போலவே குரலில்லாமல் வாயசைத்தார்: "பாப்பா, காது கேக்கலையா?"

அந்தக் கேள்வியை நான் சரியாகப் படித்துவிட்டேன். அதுவே பதிலாகவும் ஆயிற்று.

*

உதட்டைப் படிப்பதைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. படிக்கத் தெரிந்தால் போதும், எல்லாம் புரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. வேறுபாடு மூக்கில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அம்மாவும் அப்பாவும் உதட்டில் ஒரே சொல். எங்கள் தொழிலுக்கு உயிரான பாவும், அடுக்களையில் இருக்கும் மாவும் ஒரே சொல். "பாவு தீர்ந்துபோச்சு" என்று அப்பா சொன்னதற்கு நான் கடைக்குப் போய் மைதா வாங்கிவந்த கதையை எங்கள் உறவினர்கள் இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அன்று இரவு அழுததைச் சொன்னதில்லை.

காது மெஷின்கள் சில வருடம் தாங்கின. பள்ளி வேலையை விட்டேன். கிளை நூலகத்தில் வரும் சிற்றிதழ்களும் நாவல்களும்தான் அந்த நாட்களில் எனக்குப் பேச்சுத்துணை. அச்சில் யாரும் வாயை மூடிக்கொண்டு பேசுவதில்லை. 2013 வாக்கில் மெஷினும் வெறும் இரைச்சலாயிற்று. காக்ளியர் இம்ப்ளாண்ட் ஒன்றே வழி என்றார்கள். சிறு குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை உண்டு. எனக்கு அந்த வயது கடந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆற்றோரம் இருந்த நிலத்தையும் நான்கு தறிகளில் இரண்டையும் அப்பா விற்றார். விற்றபின்தான் என்னிடம் சொன்னார். 2014இல் சென்னையில் அறுவை நடந்தது.

கருவி இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதின் பின்புறம் அணியும் பிராசசரில் ஒலிவாங்கி இருக்கிறது. அது ஓசையை வாங்கி அலைவரிசைகளாகப் பிரிக்கிறது. தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டச் சுருள், அதைத் தோலுக்கு அடியில் புதைத்த கருவிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி நத்தைக்கூடு போன்ற உட்செவிக்குள் சுருண்டு போகிறது. என்னுடையதில் 22 மின்முனைகள். இயற்கை வைத்திருப்பதோ சுமார் 3,500 உள் மயிர்ச்செல்கள். இதை விளக்கியபோது அப்பா கேட்டார்: "மூவாயிரத்து ஐந்நூறு இழைப் பாவை இருபத்திரண்டு இழையில நெஞ்சா அது துணியா, வலையா?" அதைவிடச் சரியான விளக்கத்தை எந்த மருத்துவரும் எனக்குத் தரவில்லை.

மின்சாரத்தைக் காதுக்குள் செலுத்திப் பார்த்தவர்களில் முன்னோடி, மின்கலத்தை உருவாக்கிய வோல்டா. தன் இரு காதுகளிலும் உலோகக் கம்பியை நுழைத்து, தன் மின்கல அடுக்கோடு இணைத்தாராம். தலைக்குள் ஓர் அதிர்ச்சி. பிறகு ஏதோ கெட்டியான பொருள் கொதிப்பதைப் போன்ற ஓசை. 1800இல் எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டு, ஆபத்தானது என்று மறுமுறை செய்யாமல் விட்டுவிட்டார். 1957இல் பாரிசில் ஜுர்னோவும் எய்ரியேயும் உட்செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டினார்கள். 1978இல் மெல்பர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைக் கருவியைப் பொருத்தினார். அறுவை முடிந்து சில வாரம் கழித்து என் கருவியை முதல்முறை இயக்கியபோது, வோல்டா கேட்டதுதான் எனக்கும் கேட்டது. அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிக்கும் ஓசை. அதுதான் என் தம்பியின் குரல் என்றார்கள்.

குரல்கள் குரல்களாக மாற எட்டு மாதம் பிடித்தது. முதலில் பிரிந்து வந்தவை ப, ம. அப்பாவை முதுகுகாட்டி உட்காரவைத்து, "பாவு, மாவு, மாவு, பாவு" என்று சொல்லச் சொல்லிப் பயிற்சி செய்தேன். பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்ன நாளில் அவர் எழுந்து போய்த் தறியைப் போட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு அந்தச் சத்தம் தேவைப்பட்டது.

ஆனால் அதே சத்தத்தில்தான் நான் தோற்றேன். அமைதியான அறையில் ஒருவர் பேசினால் புரியும். தறி ஓடினால் கருவி எல்லா ஓசையையும் ஒன்றாக அமுக்கித் தருகிறது. பேச்சு அதனடியில் மூழ்கிவிடுகிறது. டெலிகாயில் என்ற வசதியை அறியாமல் அழுத்திவிட்டால் இன்னொரு வேடிக்கை: தறி மோட்டாரின் காந்தப்புலமே ரீங்காரமாகத் தலைக்குள் வந்துவிடும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் ஏறியபோது ஆயிரம் பேரின் குரலும் மேளமும் ஒரே சுவராக எழுந்து நின்றன. கருவியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். காவடிகள் ஓசையின்றி ஆடிப்போயின. அன்று எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

*

இனி நிலைமின்சாரம். சீப்பால் தலையை வாரிக் காகிதத் துணுக்குகளை ஒட்டவைக்கும் பள்ளிக்கூட வித்தையைத் தவிர அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டிலோ அது எப்போதும் இருந்தது. பருத்தி நூலை விட்டு பாலியெஸ்டர் கலந்த நூலுக்கு மாறிய பிறகு, காற்று வறண்ட நாட்களில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், பஞ்சுத் துகள் பறந்துவந்து பாவில் அப்பும், துணியைச் சுருட்டும்போது கையில் சுரீர் என்னும். அப்பா தரையில் தண்ணீர் தெளிப்பார். அந்தச் சுரீர் விரலுக்குத் தெரியவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும் என்பதும் பின்னால் படித்ததுதான். பாயும் மின்னூட்டம் மிகச் சிறியது, நேரமும் நொடியில் துளி என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை.

2016 பிப்ரவரியில் ஒரு மத்தியானம், நெய்து முடித்த துணியைத் தோளில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். நைலக்ஸ் புடவை கட்டியிருந்தேன். துணியை இறக்கிவிட்டு, நழுவிய சுருளைச் சரிசெய்யக் கையை உயர்த்தினேன். ஒரு சொடக்கு. அவ்வளவுதான், உலகம் அணைந்தது. மின்கலத்தை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. தம்பி என்னென்னவோ சொன்னான். இரண்டு வருடமாகப் பழக்கம் விட்டுப்போன உதடுகள் எனக்கு வெறும் உதடுகளாகவே தெரிந்தன. அச்சம் அதில்தான் இருந்தது. முன்பு எனக்கு ஒரு மொழி இருந்தது. அதை விற்றுத்தான் இதை வாங்கினோமோ என்று தோன்றியது. நிலமும் தறிகளும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தன.

மறுநாள் திருத்தணி வரை பேருந்து, அங்கிருந்து சென்னைக்கு மின்ரயில். அப்பாவும் கூட வந்தார். வழியெல்லாம் அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சென்னையில் சோதித்துப் பார்த்து, உள்ளே இருக்கும் கருவிக்கு ஒன்றுமில்லை என்றார்கள். எனக்காக அளந்து பிராசசரின் நினைவில் பதித்த கணக்குதான் கலைந்திருந்தது. அதை மறுபடி ஏற்ற அரைமணி நேரம். உள்கருவி இப்படிப் பழுதாவது மிக அரிது என்றும், புதிய கருவிகளில் பாதுகாப்பு கூடியிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஆனாலும் சில பழக்கங்களைச் சொல்லித் தந்தார்கள். புடவை மாற்றும் முன் கருவியைக் கழற்ற வேண்டும், கட்டியபின் அணிய வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்ததும் கையைத் தலைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் ஏதாவது இரும்பைத் தொட வேண்டும். இன்னொருவர் கருவியைத் தொட வேண்டுமென்றால் முதலில் அவர் உடம்பைத் தொட்டுவிட்டுத்தான் கருவியைத் தொட வேண்டும்.

கடைசி விதி எனக்குப் பிடித்தமானது. எங்கள் தெருவில் ஒரு சிறுமிக்கு அரசுக் காப்பீட்டில் இந்தக் கருவி பொருத்தியிருக்கிறார்கள். அவள் பள்ளியில் பிளாஸ்டிக் சறுக்குமரம் ஒன்று வந்தது. நிலைமின்சாரம் சேர்வதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. "விளையாட வேண்டாம்னு சொல்லிடட்டுமா அக்கா?" என்று அவள் அம்மா கேட்டாள். கழற்றி டீச்சரிடம் கொடுத்துவிட்டுச் சறுக்கட்டும் என்றேன். முதல் நாள் நானும் போய் நின்றேன். குழந்தை ஓசையில்லாமல் சறுக்கி, ஓசையோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். முதலில் அவள் கையைப் பிடித்தேன். பிறகுதான் கருவியை மாட்டிவிட்டேன்.

*

சென்னையிலிருந்து திரும்பிய நாள் முதல் அப்பாவிடம் ஒரு மாற்றம். நான் கூடத்துக்குள் நுழைந்தால் தறியை நிறுத்திவிடுவார். ஓடும் தறியை நிறுத்துவது நெசவாளிக்குக் கூலிக் குறைவு. வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. 'கேட்கவில்லை' என்பது வழக்குச் சொல் அல்ல என்று புரிய எனக்கு நாளாயிற்று. ஐம்பது வருடத் தறிச்சத்தம் அவர் செவியைத் தின்றுவிட்டிருந்தது. நிறுத்தியது எனக்காக மட்டுமல்ல. என் குரலைப் பிடிக்க அவருக்கும் அந்த அமைதி வேண்டியிருந்தது. பரிசோதனைக்கு வர மறுத்தார். "தறிக்காரனுக்குக் காது எதுக்கு?" என்றார். என்னை வளர்த்த கையால் எனக்கு நிலம் விற்றவர், தனக்கு ஒரு காது மெஷின் வாங்கக் கூச்சப்பட்டார்.

இம்ப்ளாண்ட் அணிந்தவர்களுக்குச் சுருதி சரியாகப் பிடிபடாது. நாதஸ்வரமும் சங்கும் எனக்குச் சகோதரர்கள். ஆனால் தாளம் தப்பாமல் கேட்கும். போன மாதம் சமையலில் இருந்தபோது தறியின் தட்டில் ஏதோ பிசகியது. வலப்பெட்டிக்குள் நாடா விழும்போது ஒன்றுக்குப் பதில் ஒன்றரைத் தட்டு. போய் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்று, குரலில்லாமல் வாயசைத்துச் சொன்னேன். நம்பாமல் பார்த்தார். தறியை நிறுத்தி, குனிந்து, வலப்பக்கப் போல்ட் ஒன்று தளர்ந்திருப்பதைக் கண்டார். ஒரு காலத்தில் பக்கத்துத் தெருத் தறியின் பிசகைத் திண்ணையிலிருந்தே சொல்லக்கூடியவர் அவர்.

ஸ்பேனரை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். "எப்படி கேட்டுச்சு?" என்றார். தலையில் இருந்த சுருளைக் காட்டக் கையை உயர்த்தினேன். சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தறியின் இரும்புச் சட்டத்தில் வைத்தார். பிறகு விட்டார்.

அடுத்த வாரம் பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.