சூடு என்ற சொல்

குறுவை நடவுக் காலத்தில் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் தஞ்சை வட்டாரத்துப் பெண்கள் பலரும், "ஒடம்பு சூடா இருக்கு தம்பி" என்றே தம் வியாதியைச் சொல்லத் தொடங்குவார்கள். சென்ற பருவத்தில் ஒரு மாணவர், அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, ஜுரமில்லை என்று குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் திரும்பியபோது, அந்த அம்மாளின் முகத்தில் படர்ந்த ஏமாற்றம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அருகில் அமர்ந்து, "எங்கேம்மா எரியுது?" என்று தாழ்ந்த குரலில் நான் கேட்ட பிறகே, முந்தானை நுனியைத் திருகியபடி, நீர்க்கடுப்பு என்றார், விடியலில் சேற்றில் இறங்கினால் கரையேறும் வரை ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை என்றும் சொன்னார்.

2019 முதல் மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பான்மையும் நன்னெறியும் உரையாடலும் பாடமாகியிருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆயினும், இதே தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் கண்நோயாளிகளின் விவரங்களைச் சித்திரங்களோடு எழுதிவைக்கச் செய்தாரே, அந்தச் சிரத்தையையே மாணவர்களிடம் யாசிக்கிறேன்: நோயாளி சொன்ன சொல்லை முதலில் அவர் சொன்னபடியே எழுதுங்கள்.

அந்த அம்மாள் வந்துசென்ற மறுநாள் அந்த மாணவர் கேஸ் ஷீட்டில் 'சூடு' என்று தமிழிலேயே எழுதி, அதன்கீழ், எவ்வளவு நேரம் வயலில், எத்தனை சொம்புத் தண்ணீர் என்று கேட்டுக் குறித்திருந்தார்.