ஜினகாஞ்சி

காஞ்சீபுரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் பெரிய காஞ்சீபுரத்தில் ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் தரிசித்து, சின்னக் காஞ்சீபுரத்தில் வரதராஜரையும் ஸேவித்து, நடுவில் ஒரு பட்டுப் புடைவைக் கடையில் ஏறி இறங்கி, காஞ்சியைப் பார்த்தாகிவிட்டது என்ற திருப்தியுடன் ஊர் திரும்புவார்கள். நாமும் பல தடவை அப்படித்தான் செய்திருக்கிறோம். கோயில்களில் கழிந்த நேரத்தைக் காட்டிலும் கடையில் கழிந்த நேரம் அதிகம் என்பதை வீட்டில் உள்ளவர்களின் முன்னிலையில் சொல்வது உசிதமல்ல. ஆனால் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி என்ற இரண்டுடன் ஜினகாஞ்சி என்று மூன்றாவது காஞ்சி ஒன்றும் உண்டு. திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூருக்கு வழங்கும் பழைய பெயர் அது. இந்தத் தடவை அங்கே போவது என்று தீர்மானித்தோம்.

ஊரின் நடுவிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர்தான். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தைக் கடந்து, வேகவதி நதிக்கு வந்து சேர்ந்தோம். பிரம்மாவின் யாகத்தை அழிக்க ஸரஸ்வதி தேவி கோபத்துடன் நதியாகப் பெருகி வந்தாளென்றும், திருமால் குறுக்கே படுத்து அவளைத் தடுத்தாரென்றும் புராணம் சொல்லும் நதி இதுவே. இப்போது தடுப்பதற்கு யாரும் படுக்க வேண்டியதில்லை. மழைக்காலம் போக மற்ற நாட்களில் மணலும் முட்செடியும் நகரத்தின் சாக்கடை நீருந்தான் அங்கே தென்படுகின்றன.

அக்கரையில் ஊர். பெயரில் பருத்தியும் இருக்கிறது, குன்றமும் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரையில் குன்று எதையும் காணோம். வயல்களும், தென்னை மரங்களும், ஓட்டு வீடுகளும், புதிய மாடி வீடுகளுமாகச் சமதரையாகக் கிடக்கிறது. பருத்தியையும் காணோம். தெருவில் நடந்தபோது காதில் விழுந்த தறியோசை பட்டுத் தறியின் ஓசை!

ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், பௌத்த மடங்களுடன் நிர்க்கிரந்தர்களான ஜைனர்கள் பலரையும் இங்கே கண்டதாக எழுதி வைத்திருக்கிறார். பௌத்தம் காஞ்சியிலிருந்து மறைந்தது. ஜைனம் இந்தச் சிற்றூரில் ஒதுங்கிப் பிழைத்தது. பல்லவர் காலத்துச் சந்திரப்பிரபர் கோயில் மணற்கல்லால் ஆனது. அதன் கீழ்த்தளம் வெறும் பீடமாக நிற்க, ஸந்நிதி மாடியில் இருக்கிறது. அதன் பக்கத்தில், மகாவீரரை மூலவராகக் கொண்ட திரைலோக்கியநாதர் கோயில். சோழர்கள் இதற்கு நிலம் கொடுத்தார்கள். விஜயநகரத்து மந்திரியும் சேனாபதியுமான இருகப்பர் தம் குரு புஷ்பஸேனரின் சொற்படி 1387-88-இல் இங்கே ஒரு ஸங்கீத மண்டபம் கட்டி வைத்தார். ஹம்பியில் 1385-இல் ஜைனக் கோயில் ஒன்றை எழுப்பியவரும் இவரே.

அந்த மண்டபத்தில் நுழைந்ததும் கழுத்தை நிமிர்த்திக்கொள்ள வேண்டியதுதான். விதானம் முழுவதும் சித்திரங்கள்! ரிஷபதேவரின் கதை, வர்த்தமானரின் கதை, நேமிநாதரின் கதை. அவற்றின் அடியில் இன்னது இன்னதென்று விளக்கும் எழுத்துக்கள். நேமிநாதர் ஜைனர்களின் வழக்கில் கண்ணனுக்கு உறவினர். ஆகையால் கண்ணனும் அங்கே இருக்கிறான். தம் கல்யாண விருந்துக்காக அடைத்து வைத்த பிராணிகளின் ஓலம் கேட்டு, மணவறைக்குப் போகாமலே துறவு பூண்டவர் நேமிநாதர். மேலே பார்த்துக் கொண்டே நடந்ததில் நாம் ஒரு தூணில் முட்டிக்கொண்டோம்; மேலே இருந்த தேவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பழைய வர்ணத்தின்மேல் பிற்காலத்தார் புது வர்ணம் தீட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் நீர் கசிந்து சித்திரம் கறையாகிவிட்டது. டி. என். ராமச்சந்திரன் இக்கோயிலைப் பற்றி எழுதிய விரிவான நூலைச் சென்னை மியூஸியம் 1934-இல் வெளியிட்டது. அதைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டாகும். நம்முடன் வந்த சகோதரியின் கவனமோ சித்திரத்துப் பெண்களின் ஆடைகளில் இருந்தது. "வரியும் பூவும் பாருங்கள், இந்தக் கரையை எங்கோ பார்த்திருக்கிறேன்!" என்றாள். பிராகாரத்தில் மேடை கட்டிய குராமரம் ஒன்று உண்டு. அது வளர்வதுமில்லை, குறைவதுமில்லை என்பது ஊராரின் நம்பிக்கை.

வெளியே வந்ததும், தறியோசை கேட்ட வீடொன்றின் வாசலில் நின்றோம். "வாங்க ஐயா, வாங்க அம்மா" என்று அழைத்தார் நெசவாளர். ஐம்பது வயதிருக்கும். குழித்தறியில் அவரும், அவருக்கு வலப்புறம் அவருடைய மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இந்த ஊருக்கே சொந்தமானது கைத்திறன் ஒன்றுதான். கோர்வைப் புடைவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. ஒவ்வோர் ஊடைக்கும் உடலின் நூல் கரையின் நூலோடு கோத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கையால் மட்டும் ஆகிற காரியமல்ல. ஆகவே தறியின் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறார்.

முற்காலத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்தது வீட்டுப் பையன். "நானும் எட்டு வயதில் அங்கேதான் உட்கார்ந்தேன், பள்ளிக்கூடத்தைப் பார்த்ததில்லை" என்றார் அவர். குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1986-இல் வந்தது. அதன் பின்னர் தறியடியிலிருந்த பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முயற்சியும் காஞ்சியில் நடந்தது. அவருடைய மகன் படித்துவிட்டு, கார்த் தொழிற்சாலை ஒன்றில் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறான். பையன் தறியிலிருந்து எழுந்து போனது நல்லதுதான். அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் எழுந்த இடம் காலியாகிவிட்டது. கூலிக்கு ஆள் வைத்தால் வருகிற கூலியில் பாதி அவருக்கே போய்விடும். பலர் கோர்வையை விட்டு, ஒரே நாடாவில் முடிகிற புடைவைகளுக்கு மாறிவிட்டார்கள். 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சீட்டு போலிகளைத் தடுக்கலாம். தறியின் ஓரத்தில் வந்து உட்காருமா?

"உங்களுக்குப் பின்னால்?" என்று கேட்டோம். கேட்டிருக்க வேண்டாமென்று உடனே தோன்றிற்று. அவர் பதில் சொல்லாமல் மிதியை அழுத்தினார். மாம்பழ நிறத்து உடலும் அரக்குக் கரையும் ஒரு நூல் வளர்ந்தன.

சமையலறையில் குக்கர் சத்தமிட்டது. "இதோ வந்துவிடுகிறேன்" என்று அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனாள். அவள் திரும்பி வரும் வரையில் தறி நின்றது.