சக்கரத்தின் மேல் ஒரு வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். என் மாப்பிள்ளை கல்யாணத்தையும் பண்ணிக்கொண்டு, வீட்டையும் வாங்கி, அதுவும் போதாதென்று சக்கரம் வைத்த வீடு ஒன்றையும் வாங்கிவிட்டார்.

அமெரிக்காவில் இதற்கு மோட்டார் ஹோம் என்று பெயர். ஜெர்மானிய வேன் ஒன்றின் அடிச்சட்டத்தின் மேல் ஒரு குடித்தனத்தையே ஏற்றி வைத்திருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. முழுப் பாரத்தோடு சுமார் 5,000 கிலோ. மாப்பிள்ளை வாங்கியது பழைய வண்டி. வாங்குமுன் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். எனக்கு மோட்டார் சாஸ்திரம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. குனிந்து டயரைப் பார்த்தேன். பட்டைகள் தேயாமல் புத்தம் புதிது போல இருந்தன. "டயர் ஒண்ணே போதும் மாப்பிள்ளை, தாராளமா வாங்கலாம்" என்றேன்.

2023 அக்டோபரில் பீனிக்ஸ் நகரிலிருந்து கிளம்பி, யூட்டா மாநிலத்துப் பிரைஸ் கான்யனுக்குப் போய்ச் சேர்ந்தோம். 8,000 அடி உயரம். தண்ணீர் உறைகிற குளிர். இரவு மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, இதுல ரெண்டு வித பாட்டரி இருக்கு. ஒண்ணு எஞ்சினைக் கிளப்ப. இன்னொண்ணு வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும். வீட்டு பாட்டரியைக் கொஞ்சம் பாத்துச் செலவழிக்கணும்."

எனக்கோ படிக்காமல் தூக்கம் வராது. ஆகவே சிக்கனத்தை உத்தேசித்து, எல்லோரும் தூங்கிய பிறகு டிரைவர் ஆசனத்தில் போய் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டுக்கொண்டேன். படித்தபடியே கண் அயர்ந்து, நடுநிசியில் எழுந்து தட்டுத்தடுமாறிப் படுக்கைக்குப் போனேன். விளக்கை அணைத்தேனா என்பதைப் பற்றி அப்போது யோசிக்கவில்லை.

காலையில் மாப்பிள்ளை சாவியைத் திருகினார். 'டிக் டிக்' என்றது; அவ்வளவுதான்.

"நாலு பேர் தள்ளினா?" என்றேன், நம் ஊர் அநுபவத்தில்.

"ஆட்டோமாட்டிக் கியர், மாமா. தள்ளினா வண்டி நகரும், எஞ்சின் சுத்தாது."

பானெட்டைத் திறந்தோம். பாட்டரியையே காணோம்! பக்கத்து வண்டிக்காரர், லாரி ஓட்டி ஓய்வு பெற்ற முதியவர், சிரித்துக்கொண்டே வந்தார். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தைத் தூக்கி, மூடியைக் கழற்றிக் காட்டினார். இரவெல்லாம் நான் பாட்டரியின் மேல்தான் பாதங்களை வைத்திருந்திருக்கிறேன்.

வீட்டு பாட்டரியைக் கொஞ்ச நேரம் எஞ்சினுக்குக் கடன் கொடுக்க ஒரு விசை உண்டாம். அதை அழுத்திப் பார்த்தோம். கணப்பின் விசிறி இரவு முழுவதும் ஓடியதில் அதுவும் சோர்ந்திருந்தது. முதியவர் தம் வண்டியை அருகில் கொண்டுவந்து கம்பிகளை எடுத்தார். பானெட்டுக்குள், கீழே கிடக்கும் பாட்டரிக்குப் பிரதிநிதியாக, சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருந்தது. சிவப்புக் கம்பியின் ஒரு நுனி அதில். மறு நுனி அவர் பாட்டரியின் கூட்டல் முனையில். கறுப்புக் கம்பி முதலில் அவர் பாட்டரியின் கழித்தல் முனையில். கடைசி நுனியை மட்டும் பாட்டரியில் மாட்டாமல் எங்கள் எஞ்சினின் வெற்று உலோகத்தில் கவ்வினார். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். கடைசி முடிச்சில் பறக்கும் பொறி அதன் அருகில் கூடாது என்றார். சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருக, எஞ்சின் உறுமியது. போட்ட வரிசைக்கு நேர் தலைகீழாகக் கம்பிகளைக் கழற்றினார்.

"பழைய பாட்டரி. கிளம்பு முன்னே மாத்தியிருக்கணும். என் தப்புதான்" என்றார் மாப்பிள்ளை. என் பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான் காப்பியை மிகவும் கவனமாகக் குடித்தேன்.

அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் கம்பியைச் சுருட்டிய கிழவர் முன் சக்கரத்தருகே குந்தினார். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்களைத் தடவிக் காட்டினார்: 1411. அதாவது 2011ஆம் வருஷத்தின் 14ஆவது வாரத்தில் பிறந்த டயர். எண்களைச் சுற்றிப் பித்தவெடிப்பு மாதிரி மெல்லிய கீறல்கள். இந்த மாதிரி வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். அதனால் பட்டை தேயாது. வெயிலிலும் காற்றிலும் ரப்பர் மட்டும் கிழடாகும். பார்வைக்கு நன்றாயிருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று டயர் செய்பவர்களே சொல்கிறார்களாம். மலை இறக்கத்தில் 5,000 கிலோவோடு முன் டயர் வெடித்தால்? ஜன்னலில் மூக்கை ஒட்டிச் சிரித்த பேத்தியைப் பார்த்தேன். காப்பி இறங்கவில்லை.

மெள்ள ஊர்ந்து, பாங்விட்ச் என்ற ஊரில் டயர் கடையை அடைந்தோம். அதே சக்கரத்தில் ஏறக்கூடிய மலிவு டயர் ஒன்று இருந்தது. கடைக்காரர் தலையசைத்தார். அது கார் டயர். இந்தப் பாரத்தைத் தாங்காது. 'எல்.டி.' என்று குறித்த லாரி ஜாதி டயர், பாரத் தரம் 'ஈ' வேண்டும். வண்டியை நிறை போட்டு அதற்கேற்பக் காற்றடைக்க வேண்டும் என்றார். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு, ஆக ஆறு டயர் வர இரண்டு நாள் பிடித்தது. அடுத்துப் போகவிருந்த ஸியான் பள்ளத்தாக்கு கைநழுவியது.

கடை பெஞ்சில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, அந்த விளக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமா. காலையில உங்க மூக்குக்கண்ணாடி டிரைவர் சீட்டுல கிடந்தது."

"அப்போ ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"பாட்டரி பழசுங்கிறது நிஜந்தானே? நல்ல பாட்டரின்னா ஒரு பல்பைத் தாங்கியிருக்கும்."

டயரைப் பற்றி அவர் பேசவில்லை. நானாகவே சொன்னேன்: "நல்ல டயர்னு சொன்னவனும் நான்தான்."

"ஆமாம்" என்றார். பிறகு எழுந்து போய் எனக்கு ஒரு காப்பி வாங்கி வந்தார்.

இப்போது ஊரில் வாடகைக் கார் வந்து நின்றால், ஏறுமுன் நான்கு சக்கரத்தையும் குனிந்து பார்த்துவிடுகிறேன். "என்ன சார் தொலைஞ்சு போச்சு?" என்று டிரைவர் கேட்கிறார். ஒன்றும் இல்லையப்பா என்று சொல்லிக்கொண்டே எண்களைத் தேடுகிறேன்.