சித்தப்பாவின் முறுமுறுப்பு

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: இது மதப் பிரச்சாரம் கிடையாது, மத எதிர்ப்பும் கிடையாது. ரெண்டில் ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்படியே நகர்ந்துவிடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

போன மாதம் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. அவலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். ஊர் எங்கேப்பா இருக்கு என்று கேட்பவர்களுக்கு: செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், கொஞ்சம் வடக்கே தள்ளி, மேல்மலையனூர் பக்கம். ஒரு வாரச்சந்தை, மலைமேல் ஒரு முருகன் கோயில், சுற்றிலும் மணிலா கொல்லை. எங்கள் வீடு காலனியில். காலனியின் கடைசியில் எங்கள் சபையின் சின்ன ஆலயம். ஊரில் நாங்கள் அதையும் "கோயில்" என்றுதான் சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா எழுப்பினார். சென்னையில் ஞாயிறு பத்து மணிக்கு முன்னால் எனக்கு விடிவதே இல்லை. "ஊருக்கு வந்தாலாவது வாடா" என்றார். போனேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பாய் விரித்தும் உட்கார இடம் இருக்காது. இப்போது எண்ணிப் பார்த்தேன், நாற்பது பேர் இருந்தார்கள். அதில் முக்கால்வாசி ஆயாக்கள். அன்றைக்குப் பிரசங்கம் முறுமுறுப்பைப் பற்றி. யாத்திராகமத்தில் ஜனங்கள் வனாந்தரத்தில் முறுமுறுப்பார்களே, அது. எண்ணாகமம் 11-ம் சேர்ந்து வந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை ஆகி வந்த ஜனங்கள், மன்னா சாப்பிட்டு அலுத்துப்போய், எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் கொம்மட்டிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுகிற இடம்.

"நம்மள விட்டுப் போனவங்க எல்லாரும் இப்படித்தான். இருக்கிறது போதும்ங்கிற மனசு இல்லாதவங்க. வெள்ளரிக்காய்க்கு ஆசப்பட்டுப் போனவங்க" என்று போதகர் முடித்தார். அம்மா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். ரெண்டு மூன்று பேர் ஜன்னல் வழியாக எதிர் வரிசை வீட்டைப் பார்த்தார்கள். அது சித்தப்பா வீடு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினியரிங் முடித்து சென்னைக்கு வந்த முதல் வருஷம் ஒழுங்காகத்தான் ஆராதனைக்குப் போனேன். அப்புறம் சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ் வரும், ஞாயிறு தூங்குவேன். கூட வேலைக்குச் சேர்ந்தவன் ஆன்சைட் போனான். நான் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன், அடுத்த முறையும் என் பேர் வரவில்லை. அப்ரைசலில் ஒரு நம்பர் குறைந்தது. பக்கத்து சீட்காரன் ஃபிளாட் வாங்கினான். "நான் என்ன குறை வச்சேன்?" என்று ஒருநாள் கேட்டேன். பதில் வரவில்லை. கோபம் கூட இல்லை, அப்படியே விட்டுப்போச்சு. ஜிம்முக்குப் போவதை நிறுத்துவது மாதிரி.

டார்வினைப் படித்துவிட்டு நான் விசுவாசத்தை விடவில்லை. நிறைய யோசித்து எடுத்த முடிவும் இல்லை. நண்பர்களிடம் "லாஜிக்கலா ஒத்துவரல மச்சி" என்று சொல்லிக்கொண்டது கௌரவத்துக்காக. உள்ளே இருந்தது வெறும் வெள்ளரிக்காய்தான். ஆக போதகர் சொன்னது என் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி.

சித்தப்பா விஷயத்தில்தான் இடித்தது.

அதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். எங்கள் முன்னோர்கள் கிறிஸ்தவரானது தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு என்று தாத்தா சொல்வார். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சுருட்டிய பஞ்சம். வேலூர் மருத்துவமனையைக் கட்டிய ஐடா ஸ்கடர் அம்மாவின் குடும்பம் இருந்த ஆற்காடு மிஷன் எங்கள் பக்கம் வேலை செய்தது. "பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மாறினவனுங்க" என்று ஸ்கூலில் என்னையும் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். தாத்தா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: "கஞ்சி ஊத்தினதுக்காக மட்டும் இல்லடா. பக்கத்துல உக்கார வச்சு ஊத்தினாங்க."

அந்தப் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு விலை உண்டு. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்னும் சேர்க்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்கிற தொழிலாளி, எல்லா செருப்புத் தொழிலாளிக்கும் கொடுக்கிற இலவச பங்க் கடையைக் கிறிஸ்தவன் என்பதால் தனக்கு மறுக்கிறார்களே என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1985-ல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறின பிறகும் அதே அளவுக்குக் கஷ்டம் இருக்கிறது என்று நிரூபிக்கவில்லையாம். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் மத நிபந்தனையை எடுக்கச் சொன்னது. 2023-ல் தமிழக சட்டசபை தீர்மானம் போட்டது. ஆணை மட்டும் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டில் எங்களை மாதிரி ஆட்களுக்கு பி.சி. சர்டிஃபிகேட். தெருவில் கூப்பிடும்போது பழைய சாதி, தாலுகா ஆபீஸில் மட்டும் புதுசு.

எங்கள் குடும்பத்தில் ஒரே தாத்தாவுக்கு ரெண்டு வகை பேரப்பிள்ளைகள். எங்கள் அப்பா கிறிஸ்தவராகவே இருந்தார், நான் பி.சி. சித்தப்பா இந்துவாக மாறி, பேரை மாற்றி, கெஜட்டில் போட்டார். தங்கச்சி எஸ்.சி. அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான் லோன் போட்டு தனியார் கல்லூரியில் படித்தேன். உண்மையைச் சொன்னால் அவள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. "சித்தப்பா கோட்டாவுக்காக இயேசுவ வித்துட்டார்" என்று வீட்டில் பேசும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ஆராதனை முடிந்து சந்தைமேட்டு டீக்கடைக்குப் போனேன். சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா கண்ணு, கோயிலுக்குப் போனியா? இன்னா பிரசங்கம்?"

"முறுமுறுப்பு சித்தப்பா."

சிரித்தார். "அதேவா? ஆளு மாறினாலும் அத மாத்த மாட்டானுங்க போல."

"எதுக்கு சித்தப்பா சிரிக்கிறீங்க?"

டீ வந்தது. குடித்து முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்.

பி.எட். முடித்த வருஷம் ஒரு மிஷன் ஸ்கூலில் ஒரு வாத்தியார் வேலை காலியாம். காலனியில் பட்டம் வாங்கின முதல் ஆள் இவர். சண்டே ஸ்கூல் பத்து வருஷம் எடுத்தவர். நிச்சயம் கிடைக்கும் என்று தாத்தா நம்பினார். கமிட்டியில் ஒருத்தரோட சொந்தக்காரருக்குப் போனது. சித்தப்பா சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்கிறார். "அரசாங்கம் கிறிஸ்தவன்னு சொல்லித் தள்ளுது. நம்ம ஸ்கூலும் நமக்கு இல்லேன்னா நான் எங்க போறது?" இதுதான் கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம அப்ப இருந்த ஐயரு பிரசங்கம் பண்ணாரு. முறுமுறுப்பு. முழு நேரமும் என்னையே பாத்துக்கினு. ஜனங்களும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. உங்க தாத்தா தலையக் குனிஞ்சுக்கினாரு. அதான்டா என்னால தாங்க முடியல."

"அதனாலதான் சர்டிஃபிகேட் மாத்துனீங்களா?"

"சர்டிஃபிகேட் நாலு வருஷம் கழிச்சுதான்டா மாத்துனேன். நாலு வருஷம் நான் இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. ஒருத்தராவது வந்து ஏன் வரலன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். வேலைய கூட கேக்கல நான். ஏன் வரலன்னு கேட்டிருந்தா போதும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இத்தனை வருஷம் நாங்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறோம். பேப்பருக்காக அவர் போகவில்லை. போன மனுஷனை யாரும் தேடாததால் பேப்பர் பின்னால் வந்தது. தாத்தா இறந்தபோது சித்தப்பா கோயிலுக்குள் வராமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்றதும், கல்லறைக்கு வந்து முதல் பிடி மண் போட்டதும் ஞாபகம் வந்தது. "வீம்பு பிடிச்ச ஆளு" என்று அப்போது பேசினோம்.

"இப்ப கூட பாரு" என்றார். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்பைச் சொன்னார். கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது கோர்ட். "நான் நடிக்கலடா. நெசமாவே வெளிய வந்தவன். ஆனா உங்க ஆயா பாட்டு ஒண்ணு வாயில வந்துச்சுன்னா பொண்ணு 'அப்பா, மெதுவா'ன்றா." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். எங்கள் சபையோடு இது முடிகிற கதை இல்லை. எறையூர் பேர் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. கத்தோலிக்க ஊர். வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே பங்கு, ஆனால் கல்லறை வேறு. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினார்கள். 2008 மார்ச் 9-ல் கலவரமாகி, போலீஸ் சுட்டதில் 2 பேர் செத்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

இன்னொரு பழைய கதையும் கண்ணில் பட்டது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடவே கூடாது, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து நற்கருணை வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே போய்விட்டார்கள். அப்படிப் போனவர்களில் பலரைப் பின்னால் சாதியை அவ்வளவாகக் கண்டுகொள்ளாத லைப்சிக் மிஷன் சேர்த்துக்கொண்டது. இதுவும் அதிருப்திதான். பக்கத்தில் உட்கார இடம் இல்லை என்று ஒருத்தன் போகிறான், பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான் என்று இன்னொருத்தன் போகிறான். என்னைக் கேட்டால் ரெண்டாவதுதான் எகிப்து வெங்காயம். ஆனால் அதைத் தின்றவர்களுக்குச் சமாதானம் சொல்ல ஆள் இருந்தது. முதலாவது ஆளுக்குப் பிரசங்கம் மட்டும்தான் கிடைத்தது.

அப்புறம்தான் அம்மா கொடுத்தனுப்பிய பழைய பைபிளை ரொம்ப நாளைக்குப் பிறகு திறந்தேன். முறுமுறுப்பு என்கிற வார்த்தை வேறு எங்கே வருகிறது என்று தேடினேன். (கோடு எழுதுகிறவனுக்கு ஒரு வார்த்தை கிடைத்தால் மொத்த ஃபைலிலும் தேடாமல் இருக்க முடியாது.) அப்போஸ்தலர் 6-ல் வருகிறது. எருசலேம் சபையில் தினமும் சாப்பாடு பங்கிடும்போது கிரேக்க மொழி பேசும் விதவைகளை விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய ஆட்கள் முறுமுறுக்கிறார்கள். யாத்திராகமத்தில் வருகிற அதே வார்த்தை.

அங்கே பேதுரு யாரையும் பார்த்து வெள்ளரிக்காய் பிரசங்கம் பண்ணவில்லை. சபையைக் கூட்டி, பந்தியைக் கவனிக்க 7 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று பேர்கள் வருகின்றன. தேர்ந்தெடுத்த ஏழு பேருக்கும் கிரேக்கப் பேர்கள். அதாவது முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அதற்கப்புறம் சபை பெருகிற்று என்று அடுத்த வரிகளில் இருக்கிறது.

ஒரே வார்த்தை, ரெண்டு விதமான ஆட்கள். ஒருத்தனுக்கு இருப்பது போதவில்லை, இன்னொருத்தனுக்கு இலையே போடவில்லை. ரெண்டு பேரும் ஒரே வாசல் வழியாக வெளியே போவதால் வித்தியாசம் தெரிவதில்லை. தெரிய வேண்டுமானால் ஒருத்தர் பின்னாலேயே போய் "ஏன் வரல?" என்று கேட்க வேண்டும். என்னைக் கேட்டிருந்தால் நான் அசடு வழிந்திருப்பேன், அடுத்த வாரமே திரும்பியிருப்பேனோ என்னவோ. சித்தப்பாவைக் கேட்டிருந்தால் சபை பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது.

நான் திரும்ப ஆராதனைக்குப் போகிறேனா என்று கேட்டால், போன ஞாயிறு போனேன். கடைசி பெஞ்ச். அடுத்த ஞாயிறு தெரியாது.

நேற்று ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி, சித்தப்பா டீக்கடையில் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அந்தக் கூட்டத்துல நானும்தான்டா இருந்தேன்" என்றார். அப்புறம், "காலைல அவன் வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

போனாரா என்று இன்னும் கேட்கவில்லை. இந்தப் பதிவைப் போட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும்.