மூவர் கோயிலில் ஒரு குட்டிப் பூதகணம்!

திருச்சியில் ஒரு ஃபிளாட். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. டிவி ரிமோட்டைக் காணோம். அம்மா, அப்பா, அப்பத்தா என மூன்று பேரும் மூன்று பக்கம் தேடுகிறார்கள். தொலைத்தவருக்கு வயது ஒன்றே முக்கால். சோபாவுக்கு அடியில் தலையை விட்டு, "இல்ல... இல்ல..." என்று அவரும் சேர்ந்து தேடுகிறார்.

அரைமணி நேரம் கழித்து ரிமோட் கிடைத்தது, வாஷிங் மெஷினுக்குள்! கூடவே அப்பத்தாவின் மூக்குக் கண்ணாடி, அப்பாவின் ஒற்றைச் செருப்பு, பாதி கடித்த பிஸ்கட். நல்லவேளை, யாரும் சுவிட்ச் போடவில்லை.

"நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வச்சா புள்ளைக்கு வாலும் மொளைக்கும், கொம்பும் மொளைக்கும். எங்கயாச்சும் வெட்டவெளியில அவுத்து விடுங்கடா" என்று தீர்ப்பு சொன்னார் அப்பத்தா.

எங்கே போவது? அம்மா தயங்காமல் சொன்ன ஊர், கொடும்பாளூர்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பிரசவத்துக்கு முன்பு அவர் 'பொன்னியின் செல்வ'னை மறுபடி படிக்க ஆரம்பித்தார். முதல் பாகம் பாதியில் நிற்கிறது. அடையாளத்துக்கு வைத்திருந்த அட்டையைப் பையன் மென்றுவிட்டான். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த அந்த நாவலில் வரும் வானதி, கொடும்பாளூர் இளவரசி. மதுரைக்குப் போகும்போதெல்லாம் அந்த ஊரைத் தாண்டித்தான் கார் போகும். "அடுத்த தடவை இறங்கிப் பார்ப்போம்" என்பார் அப்பா. அந்த அடுத்த தடவை வரவே இல்லை.

நான்காவது பாதை

திருச்சியிலிருந்து மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர். புதுக்கோட்டை மாவட்டத்து ஊர். இன்று பார்த்தால் வயலும் கருவேலமும் சூழ்ந்த அமைதியான கிராமம்தான். ஒரு காலத்தில் இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர்களின் தலைநகர். சோழர்களுக்குப் பெண் கொடுத்து, பெண் எடுத்து, போரில் தோள் கொடுத்தவர்கள் இவர்கள்.

சிலப்பதிகாரத்திலும் இந்த ஊர் வருகிறது. மதுரைக்குப் போகும் வழி கொடும்பாளூரை அடுத்து மூன்றாகப் பிரியும் என்று கோவலனுக்கு வழி சொல்கிறார் ஒரு மறையவர். காரிலிருந்து இறக்கிவிட்டதும் நம்ம பையன் ஓடியது நான்காவது பாதையில். எதிரே ஒரு ஆடு நின்றிருந்தது.

ஆட்டிடமிருந்து பையனையும், பையனிடமிருந்து ஆட்டையும் மீட்டுக்கொண்டு உள்ளே வந்தால் மூவர் கோயில். இதைக் கட்டியவர் பூதி விக்கிரமகேசரி. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைமையானது. தன் பெயரில் ஒன்று, தன் மனைவியர் கற்றளி, வரகுணை இருவர் பெயரில் ஒவ்வொன்று என மூன்று விமானங்களை அவர் எழுப்பியதாகக் கல்வெட்டு சொல்கிறது. மேற்குப் பார்த்து வரிசையாக நின்ற மூன்றில் இப்போது நிற்பவை இரண்டு. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். சுற்றிலும் சிறு சன்னிதிகள் இருந்த தடங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம் இது.

"மூணுனு சொன்னியே, ரெண்டுதானே இருக்கு? இன்னொண்ண யாரு ஒடச்சது?" என்றார் அப்பத்தா. எல்லோரும் ஒரே நேரத்தில் பையனைப் பார்த்தார்கள்.

"இல்ல... இல்ல..." என்றான் அவன்.

மாமன் மச்சான் வரிசை

வீட்டில் ஒரு மணி நேரத்தில் முப்பது முறை "தொடாதே" கேட்கிற பிள்ளை. இங்கே தொட்டு உடைக்க ரிமோட் இல்லை, இழுத்துத் தள்ள டிவி இல்லை. ஓடினான், விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். ஒரு அணிலைத் துரத்தினான். அவனைத் துரத்தினார் அப்பா. பத்தே நிமிடத்தில் அணில் ஜெயித்தது, அப்பா தோற்றார்.

சிற்பங்கள் மேல் மட்டும் ஏறவிடவில்லை. அம்மா அவனைத் தூக்கி விமானத்தின் மேல்பக்கத்தைக் காட்டினார். கபோதத்துக்குக் கீழே வரிசையாகப் பூதகணங்கள். உப்பிய வயிறு, குட்டைக் கை கால், சேட்டை செய்கிற முகம். பையன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு தன் சட்டையைத் தூக்கி, தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

"சொந்தக்காரங்கள அடையாளம் கண்டுக்கிட்டான் பாரு!" என்று சிரித்தார் அப்பத்தா. சிரித்து முடித்துவிட்டு மருமகளைப் பார்த்தார். "தாயி, இவன இங்க குடு. ஃபிளாஸ்க்க எடுத்துக்கிட்டு நீ போய் நிம்மதியாப் பாரு. நாங்க ரெண்டு பேரு இருக்கம்ல."

"அழுவானே அத்தை..."

"அழுதா அழுகட்டும். நீ அழாம இருந்தாப் போதும்."

அம்மா போனார். தெற்கு விமானத்தின் நிழலில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினார். ஆவி பறந்தது. சூடாக ஒரு காபி குடித்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது.

பிறகு எழுந்து மெதுவாகச் சுற்றி வந்தார். பாதி ஆண், பாதி பெண்ணாக நிற்கும் அர்த்தநாரீஸ்வரர் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். நடு விமானத்துச் சுவரில் கிரந்த எழுத்தில், வடமொழியில் அந்தக் கல்வெட்டு. கற்றளிக்கு இரண்டு மகன்கள் என்கிறது அது. பராந்தகன், ஆதித்தவர்மன். அரண்மனையாகவே இருந்தாலும் அந்த இரண்டு பேரும் தவழ்ந்திருப்பார்கள், எதையாவது எங்காவது ஒளித்து வைத்திருப்பார்கள். கல்வெட்டில் அதற்கு இடம் இல்லை.

இருபது நிமிடம். யாரும் "அம்மா" என்று கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது அப்பாவின் சட்டையெல்லாம் செம்மண். பையன் அழவே இல்லை. அம்மாவுக்குத்தான் அது லேசாக வலித்தது.

கொட்டினால் குற்றமில்லை

மரத்தடியில் தயிர்சாதம். ஒரு வாய் உள்ளே போனால் இரண்டு வாய் தலையில், கழுத்தில், தரையில். அம்மா வழக்கம்போல் முகம் சுளிக்க, அப்பத்தா தடுத்தார். "விடு தாயி. இந்த ஊரு ராசாவே களஞ்சியத்தத் தொறந்து விட்டவருதான்."

அவர் சொன்னது இடங்கழி நாயனாரை. அறுபத்து மூவரில் ஒருவர், கொடும்பாளூர் வேளிர் குலத்தவர். அடியார்களுக்குச் சோறிட நெல் திருடிப் பிடிபட்டவரை விடுவித்து, தன் களஞ்சியத்தையே அடியார்களுக்குத் திறந்துவிட்டவர்.

இன்னொரு ராஜாவும் இந்தப் பையன் பக்கம்தான். பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றின் 188-வது பாட்டில் வரைந்திருப்பது இதே காட்சியை. குறுகுறு நடை நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றைத் தொட்டு, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாவிட்டால் எவ்வளவு செல்வம் இருந்தும் பயனில்லை என்கிறான் அவன். தரையைத் துடைத்தது யார் என்று மட்டும் அந்த ராஜா சொல்லவில்லை. இங்கே துடைத்தது அப்பா.

குட்டீஸோடு போகிறவர்கள் கவனத்துக்கு: காலையிலோ மாலையிலோ போவது நல்லது, மதிய வெயில் கொளுத்தும். தண்ணீர், சாப்பாடு கையோடு எடுத்துச் செல்லுங்கள். வளாகத்தில் பழைய கிணறு ஒன்று உண்டு, பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். சிற்பங்கள் மேல் ஏற்றி போட்டோ எடுக்க வேண்டாம். அருகிலேயே முசுகுந்தேஸ்வரர் கோயிலும் இருக்கிறது. முக்கியமாக, துணைக்கு ஒருவரையாவது அழைத்துச் செல்லுங்கள். அம்மாவுக்கு இருபது நிமிடம் மிச்சமாகும்.

திரும்பும் வழியில் கார் விராலிமலையைத் தொடும் முன்பே பையன் தூங்கிவிட்டான். அம்மா பையிலிருந்து 'பொன்னியின் செல்வ'னை எடுத்தார். நான்கு பக்கம் ஓடியது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தார், ஃபிளாஸ்க் மூடியைக் காணோம்.

"வாஷிங் மெஷின்ல பாரு தாயி" என்றார் அப்பத்தா.