மூடிக் கிடக்கும் துரும்பு

கடதாசி விளையாட்டு என்றதும் முகஞ் சுளிப்போர் எங்கள் ஊரில் மிகப்பலர். வாப்பாவும் அவர்களுள் ஒருவர். மருதமுனையிலே தறியோசை அடங்கிய பின்னர் மாமாவின் விறாந்தையில் நால்வர் கூடி முந்நூற்று நான்கு ஆடுவர்; அவ்வழியே செல்லும் வாப்பா திரும்பியும் பார்ப்பதில்லை. ஆயினும் அவ்விறாந்தையில் ஒருநாளும் காசு வைக்கப்பட்டதில்லை. "காசு வந்தால் கூட்டாளி போய்விடுவான்" என்பது மாமாவின் சட்டம். அதன் பொருளை நான் உணர்ந்தது வீட்டிலன்று, பல்கலைக்கழக விடுதியிலாகும்.

இலங்கையில் இனபேதமின்றி ஆடப்படும் இவ்வாட்டத்துக்கு வேண்டியவை ஏழு முதல் ஏஸ் வரையான 32 கடதாசிகள். எதிரெதிரே அமர்வோர் கூட்டாளிகள். ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் பெறுமதியற்றவை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனங்களுக்கும் 304. பெயர்க்காரணம் இதுவே.

முதலில் ஆளுக்கு நான்கு கடதாசிகள் பகிரப்படும். அவற்றை மாத்திரம் பார்த்து 160 முதலாகக் கேள்வி கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவர் தம் கையில் ஒன்றைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அதன் பின்னரே எஞ்சிய நான்கும் வந்து சேரும். கேட்ட தொகையைக் கூட்டாளிகள் இருவரும் பிடிக்கும் பிடிகளால் நிறைவேற்ற வேண்டும். இறக்கப்பட்ட இனம் கையிலிருப்பின் அதையே போட வேண்டும். இல்லாதவர் ஒன்றைக் கவிழ்த்துப் போடலாம். அது துரும்பாயின், மூடிக் கிடந்த துரும்பு வெளிப்படும். "ஜேக்கும் ஒன்பதும் ஒரே இனத்தில் வந்தால் துணிந்து கேள், விழுந்த ஜேக்குகளை எண்ணிக்கொள், கண்சாடை காட்டாதே" என்று மாமா எனக்குக் கற்பித்தார். பாதிக் கையைக் கண்டு வாக்குக் கொடுத்து, காணாத கூட்டாளியின் கையை நம்பி நிற்பதே இவ்வாட்டத்தின் உயிர்.

விடுதியில் ஓரிரவு காசு வைத்து ஆடினோம். என் கூட்டாளி 200 கேட்டான், தோற்றோம். மாமாவின் விறாந்தையில் அது தேநீரோடு சிரித்து மறக்கப்படும் பிழை. நானோ, "உன் பிழைக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றேன். அவன் ஒன்றும் பேசாது என் பங்கையும் சேர்த்து வைத்துவிட்டு எழுந்து போனான். அது அவன் மாதச் செலவுக்கு வைத்திருந்த பணம் என்பதும், மறுவாரம் முழுவதும் அவன் பகலுணவைத் தவிர்த்தான் என்பதும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சென்றேன். "விளையாட்டில் போனதுதானே" என்று கூறி வாங்க மறுத்தான்.

திருக்குறளின் 94ஆம் அதிகாரமாகிய சூதினைப் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். இஸ்லாம் சூதை விலக்கியிருப்பதைச் சிறுவயது முதலே கேட்டிருந்தேன். அவையெல்லாம் பொருளை இழப்பது பற்றியவை என்றே எண்ணியிருந்தேன். எதிரே இருந்தவனை இழப்பேன் என்று நான் எண்ணவில்லை. வாப்பாவின் அச்சமும் மாமாவின் சட்டமும் ஒன்றே என்பது இன்று விளங்குகின்றது.

இம்முறை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வருமாறு அவனை அழைத்திருக்கின்றேன். "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னான். மாமாவிடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். என் எதிரேயுள்ள இடத்தில் அதுவரை வேறெவரையும் இருத்த வேண்டாம் என்றும் கேட்டிருக்கின்றேன்.